ஆள் போயாச்சு, கவர் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு

மணமுறிவு முடிந்து, பாத்திரம் பண்டமெல்லாம் பிரித்து, சாவியும் கைமாறின பிறகும் ஒன்று மட்டும் பழைய வீட்டை விட்டுப் போக மறுக்கும். அதுதான் தபால். பேங்க் கவர், நகைக்கடன் ஏல நோட்டீஸ், எல்.ஐ.சி. பிரீமியத் தாள், வண்டி அபராதம், சில சமயம் வக்கீல் நோட்டீஸ். வாசலில் ஒரு கவர் விழும்போதெல்லாம் வீட்டில் ஒரு மௌனம் வரும். பிள்ளைகள் பெயரைப் படித்துவிட்டு முகத்தைப் பார்க்கும்.

ராமநாதபுரம் கடற்கரையில் இது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சிக்கல். கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருக்கும் வழக்கம் உண்டு. அதனால் அவருடைய பாஸ்போர்ட், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் என்றால் என்.ஆர்.ஐ. கணக்கு, ஆதார், ஓட்டு எல்லாமே பெண் வீட்டு முகவரியில் ஏறியிருக்கும். உறவு முறிந்தால் அவர் ஒரே நாளில் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். காகிதங்கள் போகாது. பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி மாதிரியான ஊர்களில் சிக்கல் வேறு விதம். பிரிந்த இருவரும் ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருப்பார்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை. "க/பெ இன்னார்" என்பதைப் பார்த்துத்தான் கவரைக் கொடுப்பார். அந்த அம்மா முகவரியை மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தாலும், கவரில் "க/பெ" என்று பழைய கணவர் பெயர் இருக்கிறவரை அது அவர் வீட்டுத் திண்ணையில்தான் விழும்.

முதலில், எது உங்கள் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். "இந்தப் பெயருக்கு வரும் தபாலை இந்த வீட்டுக்குக் கொண்டுவராதே" என்று நிரந்தரமாகத் தடை போடும் வசதி அஞ்சலகத்தில் கிடையாது. தபாலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லும் உரிமை தபால் யார் பெயருக்கு வருகிறதோ அவருக்கு மட்டும். அவருடைய ஆதார் முகவரியை, வங்கிக் கணக்கின் கே.ஒய்.சி.யை, பாஸ்போர்ட்டை நீங்கள் தொட முடியாது. உங்களால் முடிவது நான்குதான்: வரும் கவரைச் சரியான காரணத்தோடு திருப்புவது, அனுப்புகிறவருக்கு எழுதுவது, உங்களுக்கும் உரிமை உள்ள அரசுப் பட்டியல்களில் பெயரை நீக்க வைப்பது, மிச்சத்தை அவரே மாற்றும்படி செய்வது. பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் ஐந்து வருஷமானாலும் கவர் வருகிறது.

கவரைத் திருப்புவதற்கு முன்னால் வெளியே நின்று படியுங்கள். பிரிக்க வேண்டாம், ஒட்டின இடத்தில் விரல்கூட வைக்க வேண்டாம். அனுப்பியது யார், பெயர் யாருடையது, ஒருவர் பெயரா இருவர் பெயரா என்று பாருங்கள். வீட்டுக்கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கவர் உங்களுடையதும்தான். மணமுறிவுத் தீர்ப்பு கணவன் மனைவி உறவைத்தான் முறிக்கும். கடன் பத்திரத்தில் நீங்கள் கூட்டுக்கடன்தாரர் அல்லது ஜாமீன்தாரர் என்றால் வங்கியின் கண்ணில் இன்னும் நீங்கள் அதே ஆள். அந்தக் கவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கு அடுத்து வந்தது சொத்து ஜப்தி நோட்டீஸ்தான். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வீட்டு வரி, கரண்ட் இணைப்பு, தண்ணீர் வரி அவர் பெயரில் வந்தால் அதையும் திருப்பக் கூடாது. பணத்தைக் கட்டி, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்குத் தீர்ப்பு நகலும் சொத்து ஆவணமும் வேண்டும். நகைக்கடன் கவர் இன்னும் நுட்பமானது. நகை உங்களுடையது, அடகு வைத்தவர் அவர் என்றால் ஏலத் தேதி அந்த உறைக்குள் இருக்கலாம். பிரிக்காமலே, உறையில் உள்ள கிளையின் பெயரைப் பார்த்து நேரில் போய், நகை சம்பந்தமாக வழக்கு அல்லது உடன்படிக்கை இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். கணக்கு விவரம் சொல்ல மாட்டார்கள். உங்கள் மனு கோப்பில் ஏறும், அது போதும்.

இவை போக மிச்சமெல்லாம் திருப்ப வேண்டியவை. இங்கேதான் ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுக்கும். போஸ்ட்மேன் கவரை நீட்டுகிறார். "வேண்டாம் அண்ணே, வாங்க மாட்டேன்" என்கிறீர்கள். அவர் கவரில் "ரெஃப்யூஸ்டு" என்று எழுதிக் கொண்டுபோகிறார். எல்லாம் சரியாக நடந்தது போலத்தான் தெரியும்.

ஆனால் "வாங்க மறுத்தார்" என்பது "இங்கே இல்லை" என்பதற்கு நேர் எதிர். மறுப்பு என்றால், உரிய ஆள் அந்த முகவரியில் இருக்கிறார், வேண்டுமென்றே வாங்கவில்லை என்று பொருள். சரியான முகவரியிட்டு, தபால்செலவு கட்டிப் பதிவில் அனுப்பிய கடிதம் போய்ச்சேர்ந்ததாகக் கருதலாம் என்று 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறது. மறுக்கப்பட்ட நோட்டீஸைச் சேர்ப்பிக்கப்பட்ட நோட்டீஸாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. செக் பவுன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். நீங்கள் வாசலில் "வேண்டாம்" என்ற நொடியில் அவருக்கு அந்த 15 நாள் ஓடத் தொடங்கிவிடலாம், அவருக்கே தெரியாமல். பிறகு அவர் கோர்ட்டில் நின்று, "என் முன்னாள் மனைவி மறைத்துவிட்டாள்" என்பார். அனுப்பியவருக்கும் லாபமில்லை. முகவரி உயிரோடு இருக்கிறது என்று நினைத்து அடுத்த நோட்டீஸையும் இதே வீட்டுக்கு அனுப்புவார். நீங்கள் கதவைச் சாத்தினதாக நினைப்பீர்கள். நிஜத்தில் அது திறந்தே கிடக்கும்.

எழுத வேண்டிய சொல் "லெஃப்ட்". தபால்காரர்கள் பேச்சில் "அட்ரஸ்ஸி லெஃப்ட்". தமிழில் "முகவரிதாரர் இங்கு வசிக்கவில்லை, குடிபெயர்ந்துவிட்டார், அனுப்பியவருக்குத் திருப்புக". போஸ்ட்மேனிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல், என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பாருங்கள். "டோர் லாக்டு" என்று எழுதினால் அவர் மறுபடி வருவார், தகவல் சீட்டு வைப்பார், அஞ்சலகத்தில் 7 நாள் காத்திருக்கும், பிறகு "அன்க்ளெய்ம்டு", அதாவது யாரும் வந்து வாங்கவில்லை, என்று திரும்பும். அதுவும் உங்களுக்கு உதவாது. "நோ சச் பர்சன்" என்பதும் சரியில்லை, அந்த ஆள் ஒரு காலத்தில் அங்கே இருந்தவர்தானே. பிற்பாடு யாராவது கேட்டால் பொய் சொன்னதாகும்.

பதிவுத் தபால் இப்போது தனிச் சேவையாக இல்லை, 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். அதனால் வக்கீல் நோட்டீஸ் முதல் வங்கி எச்சரிக்கை வரை கையெழுத்து கேட்கும் தபாலெல்லாம் இப்போது ஸ்பீடு போஸ்டாகவே வரும். கையெழுத்து கேட்கும் தபாலில் பெரிய ஓட்டை நீங்கள் இல்லை. வீட்டில் இருக்கும் அப்பத்தா, அல்லது பள்ளி விட்டு வந்த பிள்ளை. மீன் விற்கப் போன நேரத்தில், குழுக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கி டிவி மேல் வைத்துவிடுவார்கள். வாங்கின கையெழுத்து வாங்கினதுதான். கதவுக்கு உட்புறம் ஒரு தாளில் பெயரை எழுதி, "இந்தப் பெயருக்கு எதுவும் கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது, ஆள் இங்கே இல்லை என்று சொல்லவும்" என்று ஒட்டிவையுங்கள். வெளியே ஒட்டினால் ஊருக்கே செய்தியாகும். பக்கத்துக் கடையில் தபாலைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் கடைக்காரரிடமும் சொல்லுங்கள்.

சாதாரணத் தபால் யாரும் கேட்காமல் வாசலில் விழுவது. அதற்குச் செய்ய வேண்டியது: உங்கள் முகவரியின் மேல் ஒரே ஒரு கோடு. பெயரை அடிக்காதீர்கள், அனுப்பியவர் முகவரியை மறைக்காதீர்கள், பார்கோடு இருந்தால் அதன்மேல் பேனா படக் கூடாது. ஓரத்தில் மேலே சொன்ன வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தேதி போட்டு, அன்றே அல்லது மறுநாளே போஸ்ட்மேனிடம் கொடுங்கள். பிரிக்காத கவருக்கு மறுபடி ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம். ஒரு மாதம் சேர்த்துவைத்துக் கட்டாகக் கொடுத்தால் போஸ்ட்மேனும் முகம் சுளிப்பார். அதைவிட, இத்தனை நாள் ஏன் வைத்திருந்தீர்கள் என்ற கேள்வி வரும். கொடுப்பதற்கு முன் கவரின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் 13 எழுத்து எண் தெளிவாகத் தெரியட்டும். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால், திரும்பிப் போனதா, அல்லது உங்கள் வீட்டில் "டெலிவர்டு" என்று தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். இரண்டாவது நடந்திருந்தால் அன்றைக்கே புகார் போடுங்கள், கட்டணமில்லா எண் 1800 266 6868.

குப்பையில் போடுவது, கிழிப்பது, அவருடைய அக்கா வீட்டு வாசலில் வீசிவிட்டு வருவது, மூன்றும் வேண்டாம். மூன்றாவதைத்தான் ஊரில் அதிகம் செய்கிறார்கள். அது தபால் பிரச்சினையை ஊர்ப் பிரச்சினையாக்கும். அதோடு, அங்கே போட்டதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

அடுத்து அஞ்சலகத்துக்கு ஒரு கடிதம். சட்டப்படி இது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நம்ம பக்கம் விலாசம் என்பது பாதி தபால்காரர் மனசில்தான் இருக்கிறது. அதை மாற்றுவது இந்தக் கடிதம்தான். தவறு நடக்கிற இடம், யாரிடம் கொடுப்பது என்பதில். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் கொடுத்தால் அந்த ஊழியருக்கு மட்டும் தெரியும். அவர் லீவில் போனால் பதிலுக்கு வருகிற ஆள் மறுபடி பழைய வீட்டுக்கே கொண்டுவருவார். உங்கள் பின்கோடு எந்தத் துணை அஞ்சலகத்துடையதோ, பாம்பனுக்கு 623521, தங்கச்சிமடத்துக்கு 623529, ராமேஸ்வரத்துக்கு 623526, கீழக்கரைக்கு 623517, அந்த அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டரிடம் இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிளை அஞ்சலகத்துக்கு ஒரு நகல். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். இன்னார், த/பெ இன்னார், என்பவர் இந்த முகவரியில் முன்பு வசித்தார். இன்ன தேதி முதல் இங்கு வசிக்கவில்லை. அவர் பெயருக்கு மட்டும் வரும் தபால்களை இந்த முகவரியில் சேர்க்காமல், 'குடிபெயர்ந்துவிட்டார்' என்ற குறிப்புடன் அனுப்பியவருக்குத் திருப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பெயருக்கும் என் பிள்ளைகளான இன்னார், இன்னார் பெயருக்கும் வரும் தபால்களை வழக்கம்போல் இந்த முகவரியிலேயே சேர்க்கவும்."

கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாததால் பிள்ளையின் கல்லூரிக் கடிதம், அப்பா பெயர் போட்டு வந்ததாலேயே, திரும்பிப் போயிருக்கிறது. மணமுறிவுக் காரணம், வழக்கு எண், சண்டை எதையும் அந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். போஸ்ட்மாஸ்டருக்கு அது தேவையில்லை, கவுண்டரில் நிற்கிறவர்களுக்கும் தேவையில்லை. அவருடைய புது முகவரி தெரிந்தாலும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். தெரிவிக்க விரும்பினால் அவரே திருப்பல் விண்ணப்பம் கொடுக்கட்டும். அஞ்சலகத்தில் சரிப்படவில்லை என்றால் ராமநாதபுரம் கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கு முத்திரையிட்ட நகலோடு எழுதலாம்.

போஸ்ட்மேன் வரை வந்த கவரைத் திருப்புவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது. ஓட்டை அனுப்புகிறவரிடம் இருக்கிறது. திரும்பின கவர்களில் இரண்டு மூன்று முறைக்கு மேல் வந்தவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். உறையின் கண்ணாடி ஜன்னலில் தெரியும் குறிப்பு எண்ணைப் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் மட்டும் தெரியக்கூடிய எந்த விவரமும் கடிதத்தில் வரக் கூடாது. "இந்த நபர் இந்த முகவரியில் இல்லை. உங்கள் பதிவில் இந்த முகவரியை நீக்கி, அவரைத் தொடர்புகொண்டு புது முகவரி பெறவும். இந்தக் கணக்கில் நான் கடன்தாரரோ ஜாமீன்தாரரோ அல்ல." கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. கிளை மேலாளருக்கு ஒன்று, அந்த வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் ஒன்று. கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் மாறாது, கவர் அச்சாவது கிளையில் அல்ல. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. வங்கி முதலில் "வாடிக்கையாளர் கேட்டால்தான் மாற்றுவோம்" என்றுதான் சொல்லும், அதில் அவர்கள் பக்கம் ஞாயம் உண்டு. முகவரியை நீங்கள் மாற்றச் சொல்லவில்லை, அந்த முகவரிக்கு அனுப்புவதை நிறுத்தத்தான் சொல்கிறீர்கள். அந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் தெளிவாக வையுங்கள்.

கடன் வசூலிக்க ஆள் வந்தால் வேறு கதை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன்தாரரைக்கூட அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நீங்கள் கடன்தாரரே இல்லை. அடையாள அட்டை கேளுங்கள், எந்த நிறுவனம் என்று எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்பின் முதல் பக்கத்தைத் தூரத்திலிருந்து காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். அவருடைய புது ஊரையோ போன் எண்ணையோ சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தெருவில் நின்று கத்தினால் 100க்கு அழையுங்கள், மிரட்டல் பெண்ணிடம் என்றால் 181.

கோர்ட் ஆள், அதாவது அமீனா, வந்தால் மட்டும் கூடுதல் கவனம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 5, விதி 15 என்ன சொல்கிறதென்றால், பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது அவரோடு வசிக்கும் குடும்பத்தின் வயது வந்த எவரிடமும் சம்மனைக் கொடுக்கலாம். நீங்கள் அவரோடு வசிக்கவில்லை, குடும்பமும் இல்லை. ஆனால் கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்து "மனைவியிடம் சார்பு செய்யப்பட்டது" என்று எழுதிக்கொண்டு போவது நடக்கக்கூடியதே. நீங்கள் யார், எந்தத் தேதியிலிருந்து அவர் இங்கே இல்லை என்று சொல்லி, அவர் அறிக்கையில் அதை எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால், வாங்கினதாக இல்லாமல், "இங்கு வசிக்கவில்லை" என்ற வாசகத்தின் கீழே மட்டும் போடுங்கள். விதி 17இன்படி கதவில் ஒட்டிவிட்டுப் போனால் கிழிக்காதீர்கள். படம் எடுத்து, அதில் உள்ள வழக்கு எண்ணைக் குறித்து, அந்த நீதிமன்றத்துக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

இனி பட்டியல்கள். குடும்ப அட்டையில் அவர் பெயர் உங்களோடு இருந்தால் அதை முதலில் பிரியுங்கள். ரேஷனுக்கான டி.என்.பி.டி.எஸ். தளத்தில் உறுப்பினர் நீக்கம் என்று இருக்கும், தீர்ப்பு நகலைப் பதிவேற்ற வேண்டும். இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரே போங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் வேலை சீக்கிரம் முடியும். உதவி எண் 1967. ஒருவர் ஆதார் ஒரு அட்டையில் இருக்கும்வரை இன்னொரு அட்டையில் ஏறாது. அதனால் இது அவருக்கும் தேவைப்படுகிற வேலை, ஒத்துழைப்பு இங்கேதான் எளிதாகக் கிடைக்கும். மீனவக் குடும்பங்களுக்கு இதில் பணமும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் அட்டையை வைத்தே. அட்டை பிரியாமல் தடைக்காலம் வந்துவிட்டால், யார் குடும்பத் தலைவர், யார் கணக்கில் பணம் என்பது சங்க அலுவலகத்தில் பஞ்சாயத்தாகும். பொங்கல் முடிந்ததும் விண்ணப்பிப்பது உத்தமம். படகு அவர் பெயரில், உங்கள் வீட்டு முகவரியில் பதிவாகியிருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்திலும் உங்கள் கடிதத்தின் நகல் ஒன்று இருக்கட்டும்.

வாக்காளர் பட்டியலில் இடம் மாறியவர் படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். அவர் செய்யவில்லை என்றால், அதே தொகுதியின் வாக்காளரான நீங்கள், பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7 கொடுக்கலாம். பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், விசாரித்த பிறகே பெயர் நீங்கும். சந்தேகத்துக்கு உதவி எண் 1950. கோபத்தில் கொடுக்காதீர்கள். அவர் துபாயில் வேலைக்குப் போயிருக்கிறார், குடும்பம் இன்னும் பிரியவில்லை என்ற நிலையில் "குடிபெயர்ந்தார்" என்று எழுதினால் அது பொய் உறுதிமொழி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.

மிச்சம் எல்லாம் அவர் கையில். ஆதார், பேங்க், எல்.ஐ.சி., வருமான வரித் தளம், கேஸ், பாஸ்போர்ட், வண்டி ஆர்.சி. அவரைச் செய்யவைக்கச் சிறந்த நேரம் தீர்ப்புக்கு முன்னால்தான், பின்னால் அல்ல. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதத்துக்கு மனுப் போட்ட பிறகு பொதுவாக ஆறு மாதம் காத்திருப்பு உண்டு. அந்த ஆறு மாதம்தான் முகவரி மாற்றுவதற்கான காலம். உடன்படிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இரு தரப்பினரும் இத்தனை நாளுக்குள் தங்கள் ஆதார், வங்கி, காப்பீடு, வாகன ஆவணங்களில் முகவரியை மாற்றிச் சான்று காட்ட வேண்டும்." வக்கீல்கள் நகையையும் சீர்வரிசையையும் கிராம் கணக்கில் எழுதுவார்கள், இதை யாரும் எழுதுவதில்லை. ஜமாஅத்தில் பேசி முடிக்கிற இடத்திலும், பங்குத்தந்தை முன்னிலையில் பேசுகிற இடத்திலும் அதே வரியை எழுத்தில் போடலாம். வண்டிக்கு மட்டும் சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 49ஆம் பிரிவின்படி குடியிருப்பு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். டி.என்.65 வண்டியின் அபராதம் உங்கள் வாசலுக்கு வந்தால் இதைச் சொல்லியே கேட்கலாம். பாஸ்போர்ட் அவருக்கே கவலை தரும் விஷயம். புதுப்பித்த பாஸ்போர்ட்டை முகவரியில் உள்ள விண்ணப்பதாரர் கையில்தான் கொடுப்பார்கள். ஆள் இல்லை என்றால் மதுரை அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும். போலீஸ் விசாரணைக்கு வருகிறவரும் உங்களிடம்தான் கேட்பார், நீங்கள் உண்மையைத்தான் சொல்லப்போகிறீர்கள். இதை முன்கூட்டியே ஒரு மெசேஜில் தெரிவித்துவிடுங்கள், வாக்குவாதம் இல்லாமல்.

பேச்சு வார்த்தையே இல்லாதவர்களுக்கு, பொதுவான ஒரு மனிதர், அவருடைய மாமாவோ, உங்கள் அண்ணனோ, போதும். அனுப்பியவர்களின் பட்டியலை மட்டும் கொடுங்கள், கவர்களைக் கொடுக்காதீர்கள். பாதுகாப்பு உத்தரவு இருக்கிற வழக்கில் இதுவும் வேண்டாம், வக்கீல் வழியாகவே போகட்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. தாய்வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றும்போது முகவரியின் முதல் வரியில் இருக்கும் பழைய கணவர் பெயரையும் எடுத்துவிட்டு அப்பா பெயரைப் போடுங்கள், அல்லது வெறுமனே விடுங்கள். இதை விட்டுவிட்டுத் தெரு மட்டும் மாற்றினால் ஒரே ஊரில் எதுவும் மாறாது, முதலில் சொன்ன காரணம்தான். பிறகு பேங்க், எல்.ஐ.சி., மகளிர் குழுப் பதிவேடு எல்லாவற்றிலும் அதே வடிவம். உங்கள் கவர் அவர் வீட்டில் விழுவதும் இதே பிரச்சினைதான், திசை மட்டும் வேறு. பழைய ஏ.டி.எம். கார்டு காலாவதியாகிற மாதத்தை இப்போதே பார்த்து வையுங்கள். புதுக் கார்டு பழைய முகவரிக்குப் போனால் அது வெறும் கவர் இல்லை.

பார்சல் பற்றிக் கொஞ்சம். தனியார் கூரியருக்கும் சொல்ல வேண்டியது "ஆள் மாறிப்போயிட்டார்" என்பதுதான். ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். பணம் கொடுத்து வாங்கும் பார்சல் என்றால் பிள்ளை கையில் காசு கொடுத்து அனுப்பாதீர்கள். கடைத் தளங்களில் இருவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தியிருந்தால் சேமித்த முகவரியை நீங்களே அழித்துவிட்டுக் கணக்கிலிருந்து வெளியேறலாம். வளைகுடாவிலிருந்து வரும் கார்கோ பெட்டிக்குப் பெட்டிமேல் எழுதின போன் எண்தான் விலாசம். கொண்டுவந்தவரை அந்த எண்ணுக்கே அழைக்கச் சொல்லுங்கள். பெட்டியை வீட்டுக்குள் இறக்க விடாதீர்கள். உள்ளே வந்துவிட்ட 40 கிலோ பெட்டிக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

எவ்வளவு நாளாகும்? மாதாமாதம் வருவது மூன்று மாதத்தில் அடங்கும். வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான் ஏமாற்றும். காப்பீட்டுப் பிரீமியம், வண்டி இன்சூரன்ஸ், படகு இன்சூரன்ஸ், வைப்புத்தொகை முதிர்வு எல்லாம் நீங்கள் மறந்துபோன ஒரு நாளில் வந்து விழும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, அனுப்பியவர், கவர் எண், யாரிடம் கொடுத்தேன், அனுப்பியவருக்கு எழுதியாச்சா. பன்னிரண்டு மாதம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் அஞ்சலக முத்திரை வாங்கின அந்தக் கடிதத்தின் நகலை ஒட்டிவையுங்கள், புது போஸ்ட்மேன் வந்தால் காட்ட வசதியாக இருக்கும்.